டிக்கன்ஸா, டஃபியா?

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் நாடானது மக்கள் விரும்பியதாலா, அரசன் உத்தரவிட்டதாலா? இந்தக் கேள்விக்கு எதிரெதிர் பதில் சொன்ன வரலாற்றாசிரியர்கள் ஏ. ஜி. டிக்கன்ஸும் (நாவலாசிரியர் அல்ல, இவர் வேறு) ஏமன் டஃபியும்.

டிக்கன்ஸ் 1910இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். ஹல்லிலும் லண்டனிலும் கற்பித்தார். யார்க் மறைமாவட்ட ஆவணங்களைக் கிளறி, சாமானியர்களிடமே புதிய புராட்டஸ்டன்ட் நம்பிக்கை வேர்விட்டிருந்தது என்றார். 1964இல் வந்த அவருடைய நூல்தான் நெடுங்காலம் பாடநூல். தெளிவான எழுத்து. ஆனால் மாற விரும்பாதவர்களைச் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறார்.

டஃபி 1947இல் அயர்லாந்தின் டண்டாக்கில் பிறந்த கத்தோலிக்கர், கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர். உயில்கள், ஜெபப் புத்தகங்கள், தேவாலயக் கணக்குகள் ஆகியவற்றை வைத்து, பழைய கத்தோலிக்க மதம் உயிர்ப்போடு இருந்தது, அதை மேலிருந்து உடைத்தார்கள் என்று 1992இல் வாதிட்டார். பிறகு டெவன் மாவட்டத்தின் மோர்பாத் என்ற குட்டி ஊரைப் பற்றித் தனி நூலே எழுதினார். அங்கே ஒரே பாதிரியார் 1520 முதல் 1574 வரை, நான்கு ஆட்சிகளின் தலைகீழ் மாற்றங்களையும் தாங்கிக்கொண்டு பணியாற்றி, கணக்கும் எழுதிவைத்திருக்கிறார். புதிய ஜெபப் புத்தகத்தை எதிர்த்து நடந்த 1549 கலகத்துக்கு ஊர் அனுப்பிய இளைஞர்களின் செலவும் அதில் இருக்கிறது! வரவு செலவிலிருந்து ஓர் ஊரின் மனதைப் படிக்கும் திறமை டிக்கன்ஸிடம் இல்லை.

சரி, யாரை முதலில் படிப்பது? என் ஓட்டு டஃபிக்கு, அதுவும் மோர்பாத் நூலுக்கு. ஆனால் அவ்வளவு உயிர்ப்பான மதம் முதலாம் எலிசபெத் காலத்தில் ஏன் தேய்ந்தது என்ற கேள்வி எழும்போது டிக்கன்ஸையும் எடுக்க வேண்டியிருக்கும்.