பழைய மவுண்டன் பைக்கை விற்கப் போகிறீர்களா? கடையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காகத்தான் முதலில் எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும். 1980களிலோ 90களின் தொடக்கத்திலோ வாங்கிய மவுண்டன் பைக் உங்கள் கராஜில் கிடக்கிறதா? விற்கும் எண்ணம் இருக்கிறதா? அப்படியானால் "சர்வீஸ் பண்ணி விக்கிற மாதிரி ரெடி பண்ணித் தர்றோம்" என்று சொல்லும் கடையில், அதன் மதிப்பு என்னவென்று தெரியும் முன் வண்டியை விடவே விடாதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓர் அமெரிக்கர். ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் மவுண்டன் பைக்கான ஸ்டம்ப்ஜம்பர் காம்ப், 1989 மாடல் ஒன்றைப் புதிதாக வாங்கி, மாரின் கவுன்டியில் டமால்பைஸ் மலைப் பாதைகளில் வருடக்கணக்காக ஓட்டியவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. மகள் வீட்டோடு போய் இருக்க முடிவு செய்ததும், விற்றுத் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். வாங்கிய ரசீதைக்கூட பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். ஓட்டுகிற ஆள் கைக்குப் போக வேண்டும், விலை நியாயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயரைக் கேட்டதும் ஆயிரக்கணக்கில் போகும் என்று நினைத்துவிட வேண்டாம். 1981-ல் வந்த முதல் ஸ்டம்ப்ஜம்பர்தான் பெருமளவில் தயாரித்து விற்ற முதல் மவுண்டன் பைக் என்று சொல்வார்கள். ஜப்பானில் செய்து இறக்கியது, அன்றைக்கு 750 டாலர். அதில் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த முதல் ஒன்றிரண்டு வருடத்து வண்டிகளின் கதை வேறு. 1989-க்குள் அந்தப் பெயரில் ஏராளமான வண்டிகள் வந்துவிட்டன. அவற்றின் விலையைத் தீர்மானிப்பது பெயர் அல்ல. கடையிலிருந்து வந்தபோது இருந்த பாகங்கள் அப்படியே இருக்கின்றனவா என்பதுதான்.

பெரியவரின் வண்டியில் எல்லாமே அப்படியே இருந்தன. ஷிமானோ கம்பெனியின் டியோர் எக்ஸ்டி ரகக் கியர் பாகங்களின் செட். பெடல் பொருந்தியிருக்கும் கிராங்க் கையின் உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் 'எம்கே' என்று இரண்டு எழுத்து பொறித்திருந்தது தெரியும். ஷிமானோவின் தேதிக் குறியீடு அது. முதல் எழுத்து வருடம்: 1976-க்கு ஏ என்று தொடங்கி எண்ணினால் எம் என்பது 1988. இரண்டாவது எழுத்து மாதம்: கே என்றால் நவம்பர். 1989 மாடல் வண்டியில் 1988 நவம்பர் கிராங்க் இருக்கிறதென்றால் அது வண்டியோடு பிறந்த கிராங்க். வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். ஹேண்டில்பார் மேல் உட்காரும், கட்டைவிரலால் தள்ளிக் கியர் மாற்றும் எக்ஸ்டி தம்ப் ஷிஃப்டர் ஜோடியும் இருந்தது. இடது ஷிஃப்டரின் கிளாம்ப் திருகு எப்போதோ தொலைந்து, பெரியவர் ஒரு பித்தளைத் திருகு போட்டிருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்ப் ஷிஃப்டருக்கு இன்றைக்கும் ஏன் இவ்வளவு கிராக்கி என்றால், ஒரு வளையத்தைத் திருப்பினால் கிளிக் கிளிக்கென்று விழும் கியர், கிளிக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு நகரும் முறைக்கு மாறிவிடும். அப்படி மாற்றிவிட்டால் எந்த டிரேலரோடும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) ஓடும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1990 வாக்கில் ஹேண்டில்பாருக்குக் கீழே லீவரை அழுத்திக் கியர் மாற்றும் ரேபிட்ஃபயர் வந்த பிறகு தம்ப் ஷிஃப்டர்கள் ஓரங்கட்டப்பட்டன. நல்ல நிலையில் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது.

கடையில் நான் கேட்டது சுத்தம் செய்வது, கேபிள், பிரேக் கட்டை, டயர். வேலைச் சீட்டிலும் அதுதான் எழுதியிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இப்படியே விற்றால் 80 டாலர்கூட தேறாது" என்றார். பழைய பெயின்ட்டை எடுத்துவிட்டு, பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங்கும் அடித்துவிடலாம் என்றார். பெரியவர் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் மறுத்துவிட்டேன். நல்லவேளை. பழைய பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் சுரண்டிவிட்டால் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும். கீழே பொறித்திருக்கும் சீரியல் எண்ணும் பூச்சில் மூடிப்போகலாம்.

வண்டி திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. தம்ப் ஷிஃப்டர் இருந்த இடத்தில் கைப்பிடியைச் சுழற்றிக் கியர் மாற்றும் மலிவான பிளாஸ்டிக் சமாசாரம். டிரேலர் இரண்டும் புதுசு, அடிமட்ட ரகம். கிராங்க்கும் மாறியிருந்தது. பில் 380 டாலர். "தேய்ந்துபோயிருந்தது, அப்கிரேட் பண்ணிட்டோம்" என்றார்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்று என்று பதில். எக்ஸ்டி கிராங்க் கை தேயாது ஐயா! தேய்வது செயினும் பல்சக்கரமும். பல்சக்கரத்தைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

விளம்பரம் கொடுத்ததும் ஓக்லாந்திலிருந்து ஒருவர் வந்தார். இந்தக் கால வண்டிகளைச் சேர்ப்பவர். பேசுவதற்கு முன்பே சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைத் தளர்த்தி ஆட்டிப் பார்த்தார். ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினியக் குழாய் வருடக்கணக்காக அசையாமல் இருந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். அப்படி இருந்தால் பாதி விலைதான். ஹேண்டில்பாருக்குப் பின்னால், குழாய்கள் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். முன்னால் மோதிய வண்டி என்றால் அங்கே பெயின்ட் சுருங்கி லேசாகப் புடைத்திருக்கும். இரண்டிலும் பாஸ். அப்புறம் கிராங்க்கைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. பழைய பாகங்களோடும் ரசீதோடும் இருந்திருந்தால் 500 கொடுத்திருப்பேன், இப்போது 150-க்கு மேல் முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

கொஞ்ச நாளில் அவரே ஒரு லிங்க் அனுப்பினார். எக்ஸ்டி தம்ப் ஷிஃப்டர் ஜோடி, டிரேலர், கிராங்க் எல்லாம் தனித்தனியாக ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருந்தன. ஊர் சான் ஹோசே. கிராங்க் படத்தைப் பெரிதாக்கினால் எம்கே. இடது ஷிஃப்டரில் பித்தளைத் திருகு.

ஸ்கிரீன்ஷாட்டோடு கடைக்குப் போனேன். முதலில் தெரியாது என்றார்கள், பிறகு வேலை பார்த்த பையன் எடுத்திருக்கலாம் என்றார்கள். கடைசியில் கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். பாகங்கள் வரவில்லை. கலிபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரைக்கும் சிறு வழக்கு நீதிமன்றத்தில் கேட்கலாம். விசாரணையில் வக்கீல் ஆஜராக முடியாது, நாமேதான் பேச வேண்டும். 1,500 டாலருக்குள் என்றால் மனுக் கட்டணம் 30 டாலர். மனு போட்டாயிற்று. பெரியவர் பெயரில் போட்டு, சாட்சியாக நான் போகிறேன். வேலைச் சீட்டு கையில் இருப்பதுதான் எங்கள் பலம். அதில் இல்லாத வேலையைச் செய்தார்கள் என்பது எழுத்திலேயே இருக்கிறது.

விலை பார்க்கும் விஷயத்தில் இன்னொன்று. ஈபே மாதிரி தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், 2,000 என்று போட்டுவிட்டு வருடம் முழுக்க விற்காமல் கிடக்கும் வண்டிகள் உண்டு. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் ஃபில்டர் இருக்கிறது, அதைப் போட்டு அதே வருடம், அதே மாடல், முடிந்தால் அதே ஃபிரேம் அளவில் தேடுங்கள். பாகங்களைத் தனித்தனியாகவும் தேடுங்கள். பல வண்டிகளில் பாகங்களின் கூட்டுத்தொகை முழு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் மதிப்புச் சொல்கிறவரும் சர்வீஸ் செய்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. துருவைத் தேய்க்கக்கூட அவசரப்பட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். சேகரிக்கிறவர்கள் அழுக்கைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

கடையில் விட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் எல்லாப் பாகத்தையும், உட்பக்க எழுத்துகள் தெரியும்படி, படம் எடுங்கள். கிராங்க்கின் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் இருக்கும் சீரியல் எண்ணையும் சேர்த்து. "கழற்றும் எந்தப் பாகத்தையும் திருப்பித் தர வேண்டும், கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது" என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அந்தத் தம்ப் ஷிஃப்டர் இன்னும் விற்கவில்லை என்று நினைக்கிறேன். விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள், வேறு பெயரில் மறுபடி போடலாம். இடது கிளாம்ப்பில் பித்தளைத் திருகோடு எக்ஸ்டி ஜோடி எங்காவது கண்ணில் பட்டால், வாங்க வேண்டாம், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விசாரணைக்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.