கட்டு மாற்றியாச்சு, நடந்து போவது எப்படி? குமரி மாவட்டத்தில் சர்க்கரைக் கால்புண் சிகிச்சை

குமரி மாவட்டத்தில் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி, தக்கலையில் தலைமை மருத்துவமனை, குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி அரசு ஆஸ்பத்திரிகள், பழைய மிஷன் ஆஸ்பத்திரிகள், முக்குக்கு முக்கு கிளினிக். ஆன்டிபயாட்டிக்கும் தாராளம். ஆனால் கட்டு முடிந்ததும் நோயாளி அதே காலை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறப் போகிறார். நாங்கள் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் இதுதான் கதை. வெளிநாட்டில் காயப் பிரிவில் வேலை பார்க்கிற நாங்கள், அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு துபாயிலும் லண்டனிலும் இருந்து பணம் அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கட்டுக்கும் மருந்துக்கும் போகிற பணத்தில் ஒரு பங்கு, காலைப் பரிசோதிக்கவும் புண்ணின்மேல் உடம்பின் பாரம் விழாமல் பார்க்கவும் போகவேண்டும்.

முதலில் பரிசோதனை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கிய பிறகு பலருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. நல்ல காரியம். ஆனால் மாத்திரை தீரவில்லை என்பதால் ஆஸ்பத்திரிப் படியே ஏறாமல் வருஷம் ஓடிவிடும். கால் பார்க்க என்று தனியாக ஒரு நாள் கூட்டிப் போகவேண்டும். போன இடத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லாமல் சீட்டு எழுதினால், "டாக்டர், காலையும் ஒருக்கா பாருங்க" என்று நாமே கேட்கலாம், தப்பில்லை.

சர்க்கரை நோயில் கால் மரத்துப்போகலாம். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க 10 கிராம் மோனோஃபிலமென்ட் போதும். அது ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். முதலில் கையில் தொட்டுக் காட்டி, பிறகு கண்ணை மூடச் சொல்லவேண்டும். பெருவிரலின் அடி, பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேடு ஆகிய மூன்று இடத்திலும் இழை வளைகிற வரை அழுத்தி, இரண்டு வினாடிக்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு இடத்துக்கு மூன்று தடவை கேட்க வேண்டும், அதில் ஒரு தடவை தொடாமலே "தொட்டேனா?" என்று கேட்கவேண்டும். ஆணி காய்த்த தோல்மேல் வைத்தால் பதில் தப்பாக வரும். ஒரே இழையை நாள் முழுக்க முகாமில் பயன்படுத்துகிறார்கள். 10, 15 பேருக்குப் பிறகு அது தளர்ந்துவிடும், ஒரு நாள் ஓய்வு கொடுக்கவேண்டும். இழை இல்லாத வீட்டில், இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு வினாடி மெல்லத் தொட்டுக் கேளுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. ஆறில் இரண்டு தெரியவில்லை என்றாலே அந்தக் கால் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக இருக்கிறவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள். இரண்டுமே குறைந்தாலோ, ஒன்று குறைந்து கூடவே விரல் வளைந்து எலும்பு துருத்தினாலோ மூன்று முதல் ஆறு மாதம். உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்தவருக்கு முன்பு புண் வந்து ஆறியிருந்தால், விரல் எடுத்திருந்தால், அல்லது சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்திருந்தால், மாதத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் மூன்று மாதம். ஆறிய புண்ணில் 100-க்கு 40 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி வருகிறது என்பதால்தான் இந்தக் கெடுபிடி.

ரத்த ஓட்டம் பார்ப்பதில்தான் பல இடத்தில் கோட்டை விடுகிறார்கள். பாதத்தின் மேல்பக்கமும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால், ஒலி அலையால் ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் கருவி. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.9-க்குக் கீழே என்றால் ரத்தக்குழாயில் அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போவதால் கணக்கு 1.3-க்கு மேலேயும் பொய்யாகக் காட்டும். அப்போது பெருவிரல் அழுத்தம் பார்க்கவேண்டும். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் நிபுணரிடம் உடனே போகவேண்டும். "விரலை மட்டும் எடுத்திடலாம்" என்று சொல்லும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ரத்த ஓட்டம் பார்த்தீங்களா?" ஓட்டம் இல்லாத காலில் விரலை எடுத்தால் எடுத்த இடமே அடுத்த புண், பிறகு பாதம், பிறகு முட்டிக்குக் கீழே. சலமோ (சீழோ) அழுகலோ பரவுகிற அவசரம் என்றால் மட்டும் வெட்டித் திறந்துவிடுவது முதல், ரத்தக்குழாய் அடைப்பைச் சரிசெய்வது அடுத்து. ரத்தக்குழாய்ப் பிரிவுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். மதுரை, சென்னை என்று ஓடுவதற்கு முன்னால் அதையும் விசாரிக்கலாம்.

இனி, பாரம் எடுப்பது, அதாவது புண்ணின்மேல் உடம்பின் பாரம் விழாமல் செய்வது. நாம் காலில் முள் தைத்தால் நொண்டுவோம். மரத்துப்போன காலுக்கு நொண்டத் தெரியாது. புண்ணின்மேல் முழு பாரத்தையும் போட்டு நடக்கும். எத்தனை விலையுள்ள மருந்தை உள்ளே வைத்தாலும் ஒவ்வொரு அடியிலும் புதுத் தசை நசுங்கிக்கொண்டே இருக்கும். முன்பாதத்தின் அடியில் உள்ள புண்ணுக்கு முதல் தேர்வு, முட்டிக்குக் கீழே வரை போட்டு நோயாளியால் கழற்ற முடியாத கட்டு. எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டு மாதிரித்தான், ஆனால் பாதத்தின் வடிவத்தோடு ஒட்டிப் போடுவார்கள். பாரம் உள்ளங்கால் முழுக்கவும் கெண்டைக்கால் சுவரிலும் பிரிந்துவிடும். முதல் கட்டு போட்டதும் வீக்கம் வடிந்து தொளதொளவென்று ஆகும், உள்ளே கால் உரசும். அதனால் முதல் கட்டை இரண்டு மூன்று நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் மாற்றவேண்டும்; பிறகு வாராவாரம். கழற்றி மாட்டுகிற பூட்ஸ் கொடுத்தால் வீட்டுக்குள் யாரும் போடுவதில்லை. நடப்பில் பாதி வீட்டுக்குள்தான். அதனால் பூட்ஸைச் சுற்றி ஒரு சுற்று கட்டுப் போட்டு கழற்ற முடியாமல் ஆக்குவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். காய்ச்சல், பரவும் சலம், மோசமான ரத்த ஓட்டம் இருந்தால் இந்தக் கட்டு கூடாது. கட்டுப் போட்ட காலுக்கும் மறு காலுக்கும் உயரம் வித்தியாசப்பட்டால் இடுப்பு வலிக்கும், மறு காலில் புண் வரும். மறு காலின் செருப்பை உயர்த்தவேண்டும். எலும்பு டாக்டரிடம் மாவுக்கட்டு போடுகிற ஆள் ஏற்கெனவே இருக்கிறார். நோயாளியை அங்கே அனுப்புகிற வழக்கம்தான் இல்லை.

கட்டு மாற்றும்போது ஓரத்தில் காய்த்த தோலையும் இறந்த சதையையும் கத்தியால் செதுக்கவேண்டும். செதுக்காமல் மேலே பஞ்சு வைத்து மூடினால் காய்ப்பு கல்லாகி உள்ளே குத்தும். சலைனால் கழுவினால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால், ஸ்பிரிட் எல்லாம் வளர்கிற தசையையும் சேர்த்துக் கொல்லும். சலமோ சிவப்போ இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை.

உள்தட்டில் மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு குஷ்டரோக சிகிச்சையிலிருந்து நமக்குக் கிடைத்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டக்காரர் கால்கள் தேய்ந்து போவதற்குக் கிருமியைவிட வலியில்லாமல் திரும்பத் திரும்ப விழுகிற அழுத்தமே காரணம் என்று காட்டினார். சர்க்கரைக் காலுக்கும் அதே கணக்கு. செருப்பு வாங்கும்போது பின்வார் இருக்கவேண்டும், ஒட்டுப் பட்டை இருக்கவேண்டும், விரல் இடுக்கில் வார் வரக்கூடாது. சாதாரண ரப்பர் செருப்பில் இந்த மூன்றும் தப்பு. தவிர முள்ளும் ஆணியும் அடிவழியாக ஏறி நிற்கும், கால் அறியாது. கால் வீங்கியிருக்கிற சாயங்காலத்தில் அளவெடுங்கள். உள்தட்டு அமுங்கிக் குழிந்தால் மாற்றவேண்டும். வார் நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. சர்க்கரைக்காரருக்கு ஒரு கால் திடீரென்று வீங்கி, சிவந்து, சுடுகிறது. வலி அவ்வளவாக இல்லை, காய்ச்சலும் இல்லை. சுளுக்கு என்று வர்ம ஆசானிடம் போகிறார். எண்ணெய் போட்டு உருவி, கிழி ஒத்தடம் கொடுத்து, "நல்லா நடங்க" என்று அனுப்புகிறார்கள். ஆசான்மார் பலர் கைராசிக்காரர்கள்தான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இது சுளுக்கு இல்லை, சார்க்கோ கால். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். மறு காலைவிட சூடு 2 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, அதை நம்பி அனுப்பிவிடக்கூடாது. முட்டிக்குக் கீழே கட்டுப் போட்டு, இரண்டு காலின் சூடும் சமமாகும் வரை பாரம் எடுக்கவேண்டும். அதற்கு மாதக்கணக்கு ஆகும். விட்டால் பாதத்தின் வளைவு இடிந்து, நடுவில் எலும்பு கீழே முட்டி, அங்கே வருகிற புண் ஆறுவது மிகவும் கஷ்டம்.

கடப்புறத்தில், அதாவது கடலோர ஊர்களில், நிலைமை வேறு. கெளுத்தி முள், திருக்கை முள், உடைந்த சிப்பி குத்திய காலில் கடல் கிருமிகள் புகுந்தால் சில மணி நேரத்தில் கால் கறுத்துக் கொப்பளிக்கும். ஈரல் கெட்டவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "கடல்ல பட்ட காயம்" என்று சொல்லவேண்டும், ஏனென்றால் கொடுக்கிற மருந்தே மாறும். மலையோரத்தில் விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இரண்டு மழைக்காலமும் விரல் இடுக்கில் சேற்றுப்புண். இடுக்கைத் துடைத்து உலர்த்தவேண்டும். எண்ணெயும் கிரீமும் குதிகாலுக்கு, இடுக்குக்கு அல்ல. மத்தியான வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் நடந்து கொப்பளித்த கால்களையும் பார்க்கலாம். சுசீந்திரமோ மண்டைக்காடோ, காலையில் போய்விட்டால் சாமி ஒன்றும் சொல்லாது.

கால் ஆணிக்கு மருந்துக்கடையில் விற்கிற பிளாஸ்திரியில் ஆசிட் இருக்கிறது. மரத்த காலில் அது ஓட்டையே போட்டுவிடும்.

ஊருக்கு வரும்போது பெட்டியில் என்ன கொண்டுவருவது? கால் மசாஜ் மிஷின், வெந்நீர்ப் பை, கால் ஊறவைக்கிற தொட்டி வேண்டவே வேண்டாம். சூட்டுக் காயங்களில் பல இந்த அன்பளிப்புகளால் வந்தவை. அளவு பார்க்காமல் வாங்கிய ஷூவும் வேண்டாம். தோல் சூடு பார்க்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கொண்டுவாருங்கள். இரண்டு காலிலும் ஒரே இடத்தைத் தினமும் அளந்து, 2.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்து டாக்டரைப் பார்க்கலாம்.

புண்ணில் கம்பி விட்டால் எலும்பு தட்டுகிறதா என்று டாக்டர்கள் பார்த்திருக்கிறார்களா, கேளுங்கள். தட்டினால் எலும்பிலும் கிருமி இருக்கலாம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், மறுபடி எடுக்கவேண்டும். எலும்பை அகற்றாமல் மருந்தால் பார்ப்பதென்றால் ஆறு வாரம். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு மேலாக்கப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் தோலில் வசிக்கிற கிருமிகள்தான் வரும். கழுவிச் செதுக்கிய பிறகு அடியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு போகவேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ரேஷன் கார்டில் பெயர், வி.ஏ.ஓ. கொடுக்கிற வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் கால் நன்றாக இருக்கும்போதே நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் கொடுத்து அட்டை எடுத்து வையுங்கள். எல்லை தாண்டிப் போவதென்றால், அட்டை அங்கே செல்லுமா என்று முதலில் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தூரத்தில் இருக்கிறவர்கள் வாரம் ஒரு நாள், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கி எழுதி வையுங்கள். நாலு வாரத்தில் பாதியாகக் குறையாவிட்டால் அதே கட்டைத் தொடர்வதில் பயனில்லை. பாரம், ரத்த ஓட்டம், எலும்பு மூன்றையும் திரும்பப் பார்க்கச் சொல்லவேண்டும். சிவப்பு புண் ஓரத்திலிருந்து 2 செ.மீ. தாண்டினால், நாற்றமோ கறுப்போ தெரிந்தால், குளிர்காய்ச்சல் வந்தால், படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.