ஒரே மூச்சில் ஐந்து வருடமா, படிப்படியாகவா? உளவளத்துணை படிக்க நினைக்கும் மலையகத்துப் பெரியவர்களுக்கு

தோட்டப் பாடசாலை ஆசிரியர், பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, பிரதேச செயலகத்து வெளிக்கள உத்தியோகத்தர். ஊர் தன் கஷ்டத்தை முதலில் சொல்வது இவர்களிடம்தான். கணவனின் குடி, வெளிநாட்டுக்குப் போன அம்மாவை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளை, கடன், சாக வேண்டும் என்ற பேச்சு எல்லாம் இவர்கள் காதுக்கு வந்து சேருகின்றன. கேட்டுக் கேட்டே பழகிவிட்டவர்கள் முப்பத்தைந்து, நாற்பது வயதில் "இதை முறையாகப் படித்தால் என்ன?" என்று யோசிப்பது எனக்கு மிகவும் சந்தோஷம் தரும் விஷயம். அப்படி யோசித்துத் தேடும்போது கைபேசியில் வந்து நிற்பது, உளவளத்துணையில், அதாவது மனநல ஆலோசனையில், பட்டமும் முதுமாணியும் சேர்ந்த வெளிநாட்டுப் படிப்பு. அதையும் நம் நாட்டில் கிடைக்கும் வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த இணைந்த படிப்பு. அமெரிக்காவில் இளமாணிப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). மனநல ஆலோசனை முதுமாணிக்கு, முக்கியமான தரச்சான்று அமைப்பின் விதிப்படி, 60 கிரெடிட். தனித்தனியாகப் படித்தால் ஆறு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். இணைந்த திட்டத்தில், பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் எடுக்கும் சில முதுமாணிப் பாடங்கள் இரண்டு கணக்கிலும் சேரும். அதனால் ஏறக்குறைய ஒரு வருடம் மிச்சம். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கென்றே மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு, இணைய வகுப்பு எனவும் நடத்துகிறார்கள். பழைய படிப்பின் கிரெடிட்டையும் ஓரளவு ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் முதுமாணிக் கட்டத்துக்குள் நுழையப் போதுமான புள்ளிகள் எடுத்திருக்க வேண்டும். முதலில் இடம் கிடைத்துவிட்டதால் கடைசிவரை கதவு திறந்தே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இந்தப் படிப்பில் நான் மனதார மதிப்பது ஒன்று உண்டு. அதே தரச்சான்று விதிப்படி, மாணவர் முதலில் 100 மணி நேரம் செய்முறைப் பயிற்சி பெற வேண்டும். அதில் 40 மணி நேரமாவது துணைநாடியோடு, அதாவது உதவி தேடி வருபவரோடு, நேரில் உட்கார வேண்டும். அதன்பின் 600 மணி நேரக் களப்பயிற்சி, அதில் 240 நேரடி வேலை. முழுக்க மேற்பார்வையின் கீழ். இதைச் செய்யாமல் பட்டம் இல்லை.

சரி, நமக்கு அது பொருந்துமா? அங்கே ஆலோசகருக்கான உரிமத்தைக் கொடுப்பது பல்கலைக்கழகம் அல்ல, ஒவ்வொரு மாநிலமும். படிப்பு முடிந்த பிறகும் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வேலை செய்து, தேர்வும் எழுதித்தான் அதைப் பெற முடியும். அந்த மாநிலத்தில் குடியேறப் போகிறவருக்கு இந்த ஏற்பாடு கச்சிதம். தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ வேலை செய்யப் போகிறவருக்கு அந்த உரிமத்தால் பயன் குறைவு. அப்புறம் டொலர் கணக்கு. 2022-இன் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். அந்த மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. ரூபாயில் சம்பளம் வாங்கி டொலரில் கட்டணம் கட்டுகிறவர், பாடத்தில் தவறாமலேயே மூன்றாம் வருடத்தில் நின்றுபோகலாம். அப்போது கையில் டிப்ளோமாகூட இருக்காது.

உள்ளூர் வழிக்கு வருவோம். 1980-இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்யும் பெரியவர்களை மனதில் வைத்தே உருவானது. கண்டியில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைக் கற்கையில் தொடங்கிப் பட்டம்வரை ஏறலாம் என்பது, பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம்.

நேரத்தையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி சாதாரணப் பட்டத்துக்கு 90 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். மொத்தம் 4,500 மணி நேரம். மூன்று வருடத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 29 மணி நேரம். வேலையும் வீடும் உள்ளவரால் அது ஆகாது. ஆறு வருடமாக நீட்டினால் வாரம் 14 மணி நேரம் சொச்சம், முயன்றால் முடியும். அதற்கு மேல் பாடநெறி முதுமாணிக்கு 30 கிரெடிட். ஆக எட்டு வருடம். ஐந்துக்கு எட்டு என்றால் தோற்றது போலத் தெரியும். ஆனால் நடுவில் எந்தக் கட்டத்தில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். பிள்ளையின் பரீட்சை, மாமியாரின் வைத்தியம் என்று ஒரு வருடம் விட்டுப்போனால் திரும்ப வந்து தொடரலாம். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குச் சனிக்கிழமை வகுப்பு என்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். அவர் தன் வேகத்தைத் தானே வைத்துக்கொள்ள முடிவது பெரிய உதவி.

இந்த வழியின் குறை, பட்டம் தானாகவே உங்களை ஒரு துணைநாடிக்கு முன்னால் உட்கார வைக்காது என்பது. உளவியல் கோட்பாட்டை நன்றாக எழுதி சித்தியடைந்தவர், "நெஞ்சு அடைக்குது, தூக்கமே இல்ல" என்று அழும் ஒருவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் திகைக்கலாம். அதனால்தான் பட்டத்துக்கு முன்னால் ஓர் உளவளத்துணை டிப்ளோமாவைச் செய்யுங்கள் என்பேன். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் அப்படி ஒன்றை நடத்துகிறது, வேறு இடங்களிலும் உண்டு. சேருமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இந்த முறை எந்த மொழியில் வகுப்பு, களப்பயிற்சி எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளர் தமிழில் பேசுவாரா. மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் நான் பணம் கட்ட மாட்டேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் இடத்தின் சிக்கல்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். ஒரு பெண் உங்களிடம் பேச வந்தாள் என்பதே சாயங்காலத்துக்குள் டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிடும். ரகசியம் காப்பது எப்படி, எங்கே உட்கார்ந்து பேசுவது, அவள் கணவன் உங்கள் சொந்தக்காரனாக இருந்தால் என்ன செய்வது? இந்தக் களத்தில் வேலை செய்த ஒருவரின் மேற்பார்வையில்தான் இவற்றைக் கற்க முடியும்.

இந்தியத் தொலைக்கல்வி முதுமாணி பற்றியும் கேட்கிறார்கள். கட்டணம் ஒப்பீட்டளவில் குறைவு, ஆனால் களப்பயிற்சிக்கான இடத்தை நீங்களேதான் தேட வேண்டிவரும். அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். இன்னொன்று, மருத்துவ உளவியலாளர் ஆவது தனிப் பாதை. அதற்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும், உளவளத்துணை முதுமாணி அதற்குப் போதாது.

ஆகவே, முப்பதைத் தாண்டி, குடும்பத்தோடு, இங்கேயே வேலை செய்ய நினைப்பவர் டிப்ளோமா, பட்டம், முதுமாணி என்று ஏறட்டும். இணைந்த படிப்பில் இருக்கும் அந்த 700 மணி நேரப் பயிற்சியை அளவாக வைத்துக்கொண்டு, நீங்கள் மேற்பார்வையில் வேலை செய்யும் மணிகளை முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். இருபத்திரண்டு வயது, ஆங்கிலம் கைவரும், முழு உதவித்தொகை கிடைத்திருக்கிறது, அந்த நாட்டிலேயே சில வருடம் இருக்கத் தயார் என்றால் இணைந்த படிப்பைத் தயங்காமல் எடுக்கலாம். உதவித்தொகைக் கடிதத்தில் முதுமாணி வருடமும் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பட்ட வருடங்களுக்கு மட்டும் கொடுத்து நிறுத்தும் உதவித்தொகைகளும் உண்டு.