ஆபரேஷன் தியேட்டரில் ‘ஸ்க்ரீன் டைம்’: அளவுகோலாக எவ்வளவு தேறும்?

தியேட்டர் ஊழியர்களின் கவனத்தை போன் எவ்வளவு கலைக்கிறது என்று அளக்கப் புறப்படும் எந்தக் குழுவுக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: போனுக்குள்ளேயே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாரே, அவரையே கேட்டால் என்ன? ஐபோனில் 2018இல் ஐஓஎஸ் 12 உடன் வந்த ஸ்க்ரீன் டைம், ஆண்ட்ராய்டில் அதே ஆண்டு வந்த டிஜிட்டல் வெல்பீயிங். இரண்டும் இலவசம். தன் பழக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு இவற்றுக்கு 5க்கு 4 தரலாம். தியேட்டர் ஆய்வுக்கு 5க்கு 2தான். கூடவே ஒரு தாளும் பேனாவும் பிடித்த ஆள் நின்றால் மூன்றரை வரை ஏறும்.

காரணம் எளிது. இவை எவ்வளவு நேரம் என்று சொல்கின்றன. தியேட்டருக்கு வேண்டியது எந்த நேரத்தில் என்பது. நோயாளி நிலையாக இருக்கும்போது மயக்க மருத்துவர் மூன்று நிமிடம் போனில் ரத்தப் பரிசோதனை முடிவு பார்ப்பதையும், மாப் கவுண்ட் (ரத்தம் ஒற்றும் துணிகள் எதுவும் உள்ளே தங்கவில்லை என்று எண்ணிப் பார்ப்பது) நடுவில் ஒருவர் பத்து நொடி வாட்ஸ்அப் பார்ப்பதையும் நிமிடக் கணக்கில் ஒப்பிட்டால் முன்னவர்தான் குற்றவாளி ஆவார். விமானிகளுக்கு 1981இலேயே அமெரிக்காவில் விதி வந்துவிட்டது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையில்லாத பேச்சோ வேலையோ கூடாது. தியேட்டரின் 10,000 அடி எது என்பதை முதலில் எழுதி வையுங்கள். மயக்கம் கொடுத்து மூச்சுக்குக் குழாய் போடுவது, உலக சுகாதார நிறுவனப் பாதுகாப்புப் பட்டியலின் மூன்று கட்டங்கள், மாப் மற்றும் கருவி எண்ணிக்கை, பயாப்ஸிக் குப்பிக்கு லேபிள் ஒட்டுவது, குழாய் எடுப்பது. இந்தப் பட்டியல் இல்லாமல் அளந்தால் கிடைப்பது வெறும் எண்.

ஐபோனில் செட்டிங்ஸ் போய் ஸ்க்ரீன் டைமைத் திறந்து, அன்றைய நாளின் முழு விவரத்தைப் பாருங்கள். மணிவாரியான பட்டைகள், எத்தனை முறை போன் எடுக்கப்பட்டது, எந்தச் செயலிக்கு எத்தனை நோட்டிஃபிகேஷன் என்று மூன்று பகுதிகள் இருக்கும். ஆண்ட்ராய்டின் டேஷ்போர்டில் திரை நேரம், நோட்டிஃபிகேஷன், அன்லாக் எண்ணிக்கை. ஐபோனின் ‘பிக்அப்’பும் ஆண்ட்ராய்டின் ‘அன்லாக்’கும் ஒன்றல்ல, பூட்டிய திரையை எட்டிப் பார்த்துவிட்டு வைத்தால் அன்லாக் கணக்கில் ஏறாது. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போட்டுச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரிக்கு அர்த்தமே இல்லை.

மணிப் பட்டை பெரிய தொல்லை. 9.40க்குத் தொடங்கி 10.30க்கு முடியும் லேப்ராஸ்கோப்பி கேஸ் இரண்டு பட்டைகளில் சிதறிவிடும். கேஸுக்கு முன்னால் டீ குடிக்கும்போது பார்த்ததும் அதிலேயே சேர்ந்திருக்கும். இதற்கு ஒரே வழி, நோயாளி உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை எண்களைக் குறித்துக் கழிப்பது. அதிலும் இரண்டு கண்ணிகள். எண்ணைப் பார்க்கப் போனைத் திறப்பதே ஒரு அன்லாக், அதைக் கழிக்க வேண்டும். ஐபோன் எண்ணிக்கை உடனுக்குடன் மாறாது. கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதைத் திரையிலேயே பார்த்துக் குறிக்க வேண்டும். ஐபேடும் வைத்திருப்பவர் என்றால், எல்லாச் சாதனங்களையும் சேர்த்துக் காட்டும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் வீட்டில் பிள்ளை பார்த்த கார்ட்டூன் அம்மாவின் தியேட்டர் கணக்கில் வரும். ஆண்ட்ராய்டு நுணுக்கமான பதிவுகளைச் சில நாட்கள்தான் வைத்திருக்கும், அதனால் மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விடாதீர்கள்.

யாருடைய போன் என்பதும் யார் பார்த்தார் என்பதும் வேறு வேறு. ஸ்க்ரப் ஆன (கை கழுவி, கிருமி நீக்கிய உடையும் கையுறையும் போட்ட) சர்ஜன் போனைத் தொடமாட்டார். அவருக்கு வரும் அழைப்பை சர்குலேட்டிங் நர்ஸ் (ஸ்க்ரப் ஆகாமல் வெளியிலிருந்து உதவும் நர்ஸ்) எடுத்துக் காதருகே பிடிப்பார். கணக்கு சர்ஜன் பெயரில், சிதறியது இருவர் கவனம். இந்த இடத்தில் எந்தச் செயலியும் உதவாது.

எல்லா எண்களிலும் ஓரளவு நம்பத்தக்கது நோட்டிஃபிகேஷன் எண்ணிக்கைதான். ஆனால் அது சத்தமாக வந்ததா, அதிர்ந்ததா, அமைதியாக வந்ததா என்று பிரிக்காது. உலோக ட்ராலி மேல் அதிரும் போன் ரிங்டோனுக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பது தியேட்டரில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கேள்வித்தாள் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதிகம் பயன்படுவது 2013இல் வந்த ஸ்மார்ட்போன் அடிமைத்தன அளவுகோலின் சுருக்க வடிவம்: 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6, மொத்தம் 10 முதல் 60. ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்ற எல்லைக்கோடு தென்கொரிய வளரிளம் பருவத்தினரிடம் வகுத்தது; மணிக்கட்டு வலிக்கிறதா என்றெல்லாம் கேட்கும். 2015இல் வந்த நோமோஃபோபியா (கையில் போன் இல்லாவிட்டால் வரும் பதற்றம்) கேள்வித்தாளில் 20 கேள்விகள், மதிப்பெண் 20 முதல் 140 வரை. இரண்டும் மனப்போக்கை அளக்கும் நல்ல கருவிகள், தியேட்டரில் நடப்பதை அளப்பவை அல்ல. அதிக மதிப்பெண் வாங்கிய நர்ஸ் போனை லாக்கரில் வைத்துவிட்டு வரலாம். மதிப்பெண் குறைவான டியூட்டி மருத்துவரின் போன், வார்டும் ரத்த வங்கியும் கூப்பிடுவதால், விடாமல் அடிக்கும். அதற்கு அடிமைத்தனம் என்று பெயர் வைப்பது அநியாயம்.

தன்னைத் தானே மதிப்பிடச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்களிடம் 2010இல் நடத்திய கருத்துக்கணிப்பில், பைபாஸ் ஓடும்போதே செல்போன் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 55.6 சதவீதம், குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் 49.2 சதவீதம். நோயாளிக்கு ஆபத்தாகலாம் என்று கவலைப்பட்டவர்கள் 78.3 சதவீதம். தன் வேலையை அது பாதித்தது என்று ஒப்புக்கொண்டவர்களோ 7.3 சதவீதம்.

ஆக, தாள்தான் முக்கியக் கருவி, போன் எண்ணிக்கை அதற்குத் துணை. தாளில் ஆறு நெடுவரிசைகள் போதும்: நிமிடம், கேஸின் கட்டம், ஆளின் பணிக் குறியீடு (பெயர் வேண்டாம்), என்ன நடந்தது, கேஸுக்குத் தொடர்பானதா, விளைவு. விளைவுக்கு 0 முதல் 3: யாரும் கவனிக்கவில்லை, தலை திரும்பியது, கை நின்றது, செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. தொடர்பானதா என்ற நெடுவரிசையில்தான் பார்வையாளர்கள் இருவர் மோதிக்கொள்வார்கள், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரேயும் வரும், கல்யாணப் பத்திரிகையும் வரும். ஊகிக்காமல் கேஸ் முடிந்ததும் உரியவரிடமே கேட்டு நிரப்புங்கள். தொடக்கத்தில் சில கேஸ்களை இருவர் தனித்தனியாகக் குறித்து, கப்பா மதிப்பு (இருவர் குறித்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண், முழுப் பொருத்தம் என்றால் 1) 0.6க்குக் கீழே போனால் வரையறையைத் திருத்தி எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தியேட்டர் தெரிந்த, ஆனால் அன்றைய லிஸ்டில் (அன்று நடக்கும் அறுவைகளின் வரிசையில்) வேலை இல்லாத ஆள்தான் பார்வையாளராக நிற்கலாம்.

முதல் சில லிஸ்ட்களின் எண்களைத் தூக்கிப் போடுங்கள். ஒருவர் குறிப்பெடுப்பதைப் பார்த்தாலே போன் பைக்குள் போய்விடும். கதவு திறப்பு, மானிட்டர் அலாரம் ஆகியவற்றையும் சேர்த்துக் குறித்தால் பழக்கம் விரைவில் திரும்பும், ஒப்பிடவும் எண் கிடைக்கும். முடிவை ஓர் அறுவை மணி நேரத்துக்கு எத்தனை நிகழ்வு என்று எழுத வேண்டும். ஒரு கேஸுக்கு இத்தனை என்றால் சிறிய ஹெர்னியாவும் பல மணி நேரம் நீளும் விப்பிள் என்ற கணைய அறுவையும் ஒன்றாகிவிடும். கடிகாரத்தையும் பாருங்கள்: போன் நேரம் தானாகச் சரியாகிக்கொள்ளும், மானிட்டர் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கியிருக்கலாம். காலையிலேயே வித்தியாசத்தைக் குறித்துவிட்டால் கட்டங்களோடு பொருத்தும்போது குழப்பம் இராது.

ஸ்க்ரீன்ஷாட் வாங்குவதாக இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதியும் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கட்டாயம், செயலிப் பெயர்களை வெட்டிவிட்டு எண்களை மட்டும் வாங்குங்கள். தண்டனைக்குப் பயன்படும் என்ற வதந்தி ஒருமுறை கிளம்பினால் அன்றிலிருந்து எல்லோரும் இரண்டாவது போனைத்தான் பயன்படுத்துவார்கள்.

ஸ்மார்ட்வாட்ச் கட்டியவர்களைத் தனியாகக் குறிக்கவும். போன் மேஜை டிராயருக்குள் இருந்தாலும் புளூடூத் எட்டும் தூரத்தில் மணிக்கட்டு அதிர்ந்துகொண்டே இருக்கும், போனின் அன்லாக் கணக்கோ பூஜ்யமாகவே இருக்கும்.