வங்கதேசமும் பாகிஸ்தானும்: யார் பாதை மேல்?

குறைந்த தலா வருமானம், மளமளவென்று பெருகும் மக்கள்தொகை, எழுத்தறிவின்மை, ஓரிரு பொருளை மட்டும் நம்பிய ஏற்றுமதி. வளரும் நாடுகளின் பொதுப் பண்புகள் என்று பாடப்புத்தகம் அடுக்கும் இவை அத்தனையும் 1971-ல் இந்த இரு நாடுகளுக்கும் பொருந்தின. பிரிந்தபோது பாகிஸ்தானின் கைதான் ஓங்கியிருந்தது. வங்கதேசத்திடம் சணல் இருந்தது. 1970 புயலும் அடுத்த ஆண்டுப் போரும் விட்டுச்சென்ற அழிவும் இருந்தது.

அன்று ஜனத்தொகை அதிகம் வங்கதேசத்தில்தான். இன்று அங்கே சுமார் 17 கோடி, பாகிஸ்தானில் 24 கோடி. பெண்ணுக்குச் சராசரியாக ஆறேழு பிள்ளைகள் என்றிருந்த நிலை வங்கதேசத்தில் இரண்டை ஒட்டி இறங்கிவிட்டது. பாகிஸ்தானில் இன்னும் மூன்றைத் தாண்டியே நிற்கிறது.

இந்த வித்தியாசத்துக்குப் பணம் காரணமில்லை. வங்கதேசத்தில், வெளியே வர முடியாத பெண்களைத் தேடி, குடும்பக் கட்டுப்பாட்டுப் பெண் பணியாளர்களே வீட்டு வாசலுக்குப் போனார்கள். 1980-களில் பிராக் தொண்டு நிறுவனம் செய்ததைப் பாருங்கள்: ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். வயிற்றுப்போக்குக்கான இந்தக் கரைசலை 1.2 கோடி வீடுகளில் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் வந்து அந்தத் தாயைச் சோதிப்பார். தாய் எவ்வளவு சரியாகச் சொல்கிறாரோ, அதை வைத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட மனம் வரும். பாகிஸ்தான் இதேபோன்ற பெண் சுகாதாரப் பணியாளர் திட்டத்தை 1994-ல்தான் தொடங்கியது.

ஏற்றுமதியிலும் இதே கதை. பருத்தி பாகிஸ்தானில் விளைகிறது. வங்கதேசம் பெரும்பாலும் இறக்குமதி செய்கிறது. ஆனால் ஆயத்த ஆடையில் முந்தியது வங்கதேசம்தான், தையல் இயந்திரத்தின் முன் லட்சக்கணக்கில் பெண்கள் உட்கார்ந்ததால். அதற்குக் கொடுத்த விலை கொடியது: 2013-ல் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆடை என்பதால், சணலை நம்பிய காலத்தின் பலவீனமும் முழுக்கத் தீரவில்லை.

வரி வசூலில் இரண்டுமே மோசம்.

ஆனாலும் என் ஓட்டு வங்கதேசத்துக்கே. ஒரு விஷயத்தில் மட்டும் பாகிஸ்தான் வெகுதூரம் முன்னே நிற்கிறது. 2017-18 ஆய்வுகளின்படி, 18 வயதுக்குள் மணமுடிக்கப்பட்ட இளம்பெண்கள் அங்கே ஐந்தில் ஒருவருக்கும் குறைவு, வங்கதேசத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூவர். மணமாகாமல் படித்தால் உதவித்தொகை என்று 1994 முதல் கொடுத்த நாட்டிலேயே இந்த நிலை என்பது எனக்கு ஆறாத வேதனை.