பெயர் கேட்காத சர்வே, ஆனால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடுகிறது

மகள் ஆடும் சாக்கர் க்ளப், சீசன் முடிவில் பெற்றோரிடம் கருத்துக் கேட்க ஒரு வெளிக் கம்பெனியின் சேவையைப் பிடித்திருக்கிறது. அவளுடைய ஹைஸ்கூல் டீமும் அதையே எடுத்துக்கொண்டதால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

இப்படி ஒன்று தேவையா என்று கேட்டால், கண்டிப்பாகத் தேவை. அமெரிக்காவில் க்ளப் சாக்கர் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால் உங்களுக்கே தெரியும், வருடா வருடம் ட்ரைஅவுட் என்று டீமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு, நீங்கள் யாரைப் பற்றிக் குறை சொல்ல நினைக்கிறீர்களோ அதே கோச்தான் அடுத்த வருட லிஸ்ட்டையும் போடுவார். ஆயிரக்கணக்கில் டாலரைக் கட்டிவிட்டு, பிள்ளை ஏன் பாதி ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கக்கூட வாய் வராமல் நிற்கிறோம். இதுகூடப் பரவாயில்லை. அமெரிக்க சாக்கர் சம்மேளனம் விசாரிக்கச் சொல்லி முன்னாள் அரசு வழக்கறிஞர் சாலி யேட்ஸ் 2022 அக்டோபரில் கொடுத்த அறிக்கை, பெண்கள் தொழில்முறை லீகில் கோச்சுகள் செய்த கொடுமைகளை அடுக்கியபோது, அந்தப் பழக்கத்தின் வேர் யூத் சாக்கரிலேயே இருக்கிறது என்று சொன்னது. சிறு வயதிலேயே திட்டும் அவமானமும் சகஜமாகிவிடுகிற இடத்தில், பயப்படாமல் நாலு வரி எழுத ஒரு வழி இருக்கத்தான் வேண்டும்.

சேவை வேலை செய்யும் விதம் எளிது. மெயிலில் லிங்க் வரும், லாகின் கிடையாது, காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது, க்ளப் டைரக்டர் நம் பெயர் தெரியாமலே நமக்குப் பதில் எழுதலாம், நாமும் திரும்ப எழுதலாம் என்கிற வசதி. கோல்கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சி ஏன் இல்லை என்று கேட்டேன், ஒழுங்கான பதில் வந்தது. நேரில் கேட்டிருந்தால் தோளைத் தட்டி அனுப்பியிருப்பார்கள்.

சரி, இனிமேல்தான் கோளாறு. பெயர் கேட்காத அந்தப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எந்த டீம், பிறந்த வருடம், எந்த பொசிஷன், க்ளப்பில் எத்தனை வருடம் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். 13 வயதுப் பிரிவிலிருந்து 11 பேர் ஆட்டம், மாற்று ஆட்களையும் சேர்த்தால் ஒரு டீமில் பதினெட்டுப் பேர் இருந்தாலே அதிகம், அதில் கோல்கீப்பர் இரண்டு பேர். "கோல்கீப்பர், மூன்றாவது வருடம்" என்று டிக் பண்ணிவிட்டால் கையெழுத்துப் போட்ட மாதிரிதானே? குறைந்தது இத்தனை பேர் பதில் சொன்னால்தான் முடிவைக் காட்டுவோம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கலாம், அதுவும் இல்லை, மூன்று பேர் எழுதினாலும் அந்த மூன்றும் டீம் பெயரோடு அப்படியே போய்ச் சேர்கிறது. (போதாததற்கு நாம் "கைண்ட்லி" என்று ஆரம்பித்தால் எந்த நாட்டு அப்பா என்றும் தெரிந்துவிடும், அதற்குக் கம்பெனி ஒன்றும் செய்ய முடியாது.)

இதைவிட எனக்குக் கோபம் வந்தது இன்னொரு விஷயத்தில். எழுதும் பெரியவர்களை மறைக்க இவ்வளவு யோசித்தவர்கள், எழுதப்படும் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கவே இல்லை. கடைசிக் கேள்விக்கு ஒரு திறந்த பெட்டி, அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். கெட்ட வார்த்தையைப் பிடிக்க வடிகட்டி வைத்திருக்கிறார்கள், ஜெர்சி நம்பரைப் பிடிக்க எதுவும் இல்லை. ஹைஸ்கூல் சர்வேயில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வர்சிட்டி டீமில், அதாவது பள்ளியின் முதல்நிலை டீமில், இடம் பிடித்ததும், பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அவளை நம்பர் போட்டே கிழித்திருந்தார்கள், அவள் குடும்பத்துக்கும் கோச்சுக்கும் என்ன பழக்கம் என்பது வரைக்கும். வெளிப்படையாக இருக்கிறோம் என்று சொல்லி அந்தத் தொகுப்பை எல்லா வீட்டுக்கும் மெயிலில் அனுப்பியும் விட்டார்கள். நம்பர்தானே, பெயர் இல்லையே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டீம் லிஸ்ட் பள்ளி வெப்சைட்டில் பெயரும் நம்பரும் வகுப்புமாகக் கிடக்கிறது. மாணவர் பதிவேடுகளின் ரகசியத்துக்காக 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை, விளையாட்டு டீமில் இருக்கும் மாணவரின் உயரம் எடையைக்கூடப் பள்ளி வெளியிடலாம். பிள்ளைகளின் ஆன்லைன் அந்தரங்கத்துக்கான 1998-இன் காப்பா சட்டம் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால், அது 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடமிருந்து ஆன்லைனில் வாங்கும் தகவலுக்கானது, பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிவைப்பதற்கு இல்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. படிவத்தில் "பாதுகாப்பு" என்று ஒரு கட்டம் இருக்கிறது, மைதானத்தில் லைட் எரியவில்லை என்ற புகாரும் அதே வரிசையில்தான் போய் நிற்கிறது. கோச் ஒருவர் பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டதாகத் தெரிந்தால் இதில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். போலீஸிடம் சொல்லுங்கள், க்ளப் என்றால், விளையாட்டில் நடக்கும் கொடுமைப் புகார்களை விசாரிக்கும் சேஃப்ஸ்போர்ட் மையத்துக்கும் சொல்லுங்கள், 2017-இலிருந்து இயங்கும் அந்த மையம் பெயர் சொல்லாத புகாரையும் வாங்கிக்கொள்ளும். 2018-இல் வந்த சட்டத்தின்படி, இந்த விளையாட்டில் பிள்ளைகளோடு வேலை செய்யும் பெரியவர்கள் பாலியல் கொடுமை உள்ளிட்ட சிறார் கொடுமைச் சந்தேகத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். இதைப் படிவத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா? எங்குமே இல்லை.

இன்னொரு சின்னக் குறை, எங்களுக்கு லிங்க் வந்ததே ட்ரைஅவுட் முடிந்து எல்லோரும் பணம் கட்டிய பிறகு. ஆனால் அது க்ளப்பின் சாமர்த்தியம், சேவையின் மேல் போட முடியாது.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார், அந்த இரண்டும் பதில் எழுதும் வசதிக்காக. பொசிஷன் கேள்வியை எடுப்பதும் திறந்த பெட்டியை மூடுவதும் க்ளப் கையிலேயே இருக்கும் செட்டிங்தான் என்று கம்பெனியின் உதவிப் பிரிவு சொன்னது. உங்கள் க்ளப்பும் இதை வாங்கப்போகிறது என்றால், முதல் லிங்க் வெளியே போவதற்குள் மேனேஜரிடம் இந்த இரண்டையும் செய்யச் சொல்லிவிடுங்கள்.