மொட்டைமாடியில் செய்த மரக் கயாக்: மூன்று மழைக்காலத்துக்கு அப்புறம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் நானும் என் மச்சானும் செய்த 16 அடி கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கலான படகு) மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கியதில்லை.

தைத்து ஒட்டும் முறைதான். தண்ணீரைத் தாங்கும் 4 மி.மீ. மரைன் பிளைவுட்டை வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்கி, உள்மூலைகளில் எபாக்சியும் (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) மரத்தூளும் குழைத்துப் பூசி, மேலே கண்ணாடியிழைத் துணியை ஒட்ட வேண்டும். சோழமண்டலக் கரையில் மசூலாப் படகை ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்தவர்கள் நம் ஆட்கள். கம்பி முறுக்கிய இரண்டு நாளும் எனக்கு அந்த நினைப்புதான்.

பிளைவுட் மைசூர் ரோடு டிம்பர் யார்டில் வாங்கியது. மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை இருந்தும் ஒரு ஷீட்டின் நடு அடுக்கில் இடைவெளி இருந்திருக்கிறது. இரண்டாம் வருஷம் அடிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு உப்பியது, நாணயத்தால் தட்டினால் அந்த இடம் மட்டும் தொப்பென்று சத்தம். வெட்டி எடுத்து, நிரப்பி, துணி போட்டுத் தேய்க்க ஒரு வாரக்கடைசி போதுமாக இருந்தது, இப்போது அந்த இடம்தான் படகிலேயே கெட்டி. காசு கொடுப்பதற்கு முன்பே ஷீட் முழுக்கத் தட்டிப் பாருங்கள்.

எபாக்சியைக் கலந்து கப்பிலேயே வைக்காதீர்கள். மார்ச் மத்தியானம் எங்களுக்குக் கப் சூடேறிப் புகை வந்துவிட்டது. அகலத் தட்டில் ஊற்றினால் சூடு பரவி, பூச நேரம் கிடைக்கும். ஈரக்காற்று நாளில் பூசினால் காய்ந்தபின் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம், அதைத் தண்ணீரில் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அடுத்த பூச்சு சரியாகப் பிடிக்காது.

ஆனால் படகுக்குப் பெரிய எதிரி தண்ணீர் இல்லை, வெயில். எபாக்சிக்கு வெயில் ஆகவே ஆகாது. முதலில் மேஜை நாற்காலிக்கு அடிக்கும் சாதா வார்னிஷை அடித்தோம், அடுத்த கோடைக்குள் மேல்தளம் மஞ்சளாகி வெளிறிவிட்டது. சுரண்டிவிட்டு, புறஊதாக் கதிரைத் தடுக்கும் மரைன் வார்னிஷ் நாலு பூச்சு கொடுத்தபின் பளபளப்பு அப்படியே இருக்கிறது.

எடை 21 கிலோ, இருவர் தூக்கிக் கார் கூரையில் வைத்துவிடலாம். கர்நாடகத்தின் ஹொன்னேமரடுவில், லிங்கனமக்கி அணையின் பின்நீரில் ஓட்டும்போது பக்கக்காற்று அடித்தால் மூக்கு காற்றை நோக்கியே திரும்புகிறது, ஒரு பக்கமே துடுப்பு போட்டுத் தோள் வலித்துவிட்டது. பின்னடியில் மீனின் துடுப்பு மாதிரி ஒரு சின்ன நிலைப்பலகை ஒட்டினால் சரியாகும், வரும் டிசம்பரில் அதுதான் வேலை.